மண்ணைக் காத்த வேலி: அல்பேட் மொறிஸ்

வேலி என்ற சொல் எங்கள் வீடுகளில் இரண்டு விதமாகக் கேட்கும். ஊரில் இருந்த வேலி கிடுகாலும் பனையோலையாலும் அடைத்தது. கிளுவையும் பூவரசும் கதியாலாக நின்று துளிர்த்தன. பிறகு வந்தது முட்கம்பி வேலி. உயர் பாதுகாப்பு வலயங்களுக்குப் போட்டதும் அதுதான், 2009இல் மெனிக் பாமில் எங்கள் சனத்தைச் சுற்றிப் போட்டதும் அதுதான். அதனால், நாங்கள் வந்து சேர்ந்த இந்த அவுஸ்திரேலியாவில் ஒரு நகரம் வேலி போட்டதால் பிழைத்தது என்று அறிந்தபோது, அந்த வேலிக்குக் காரணமானவரைப் பற்றித் தேடிப் படித்தோம். அவர் பெயர் அல்பேட் மொறிஸ். கெட்டுப்போன நிலத்தை அதன் சொந்தச் செடிகளாலேயே மீட்க முயல்வோர் இந்த நாட்டில் இன்றும் மரியாதையோடு சொல்லும் பெயர் அது.

மொறிஸ் 1886 ஓகஸ்ட் 13ஆம் திகதி தென் அவுஸ்திரேலியாவில் பிறந்தார். அவர் சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் நியூ சவுத் வேல்சின் மேற்கு எல்லைப் பக்கம் குடிபெயர்ந்தது. புறோக்கன் ஹில் அவரது ஊரானது. சின்ன வயதில் காலில் ஏற்பட்ட காயத்தால் மற்றப் பிள்ளைகளோடு ஓடி விளையாட முடியவில்லை. அவர் மனம் செடி வளர்ப்பில் போனது. கன்றுகளை வளர்த்து விற்ற காசு அவரது தொழிற்படிப்புக்கும் உதவியது. படித்து முடித்து சென்றல் சுரங்கத்தில் தாதுப் பரிசோதகராகச் சேர்ந்து, பின்னர் தலைமைப் பரிசோதகரானார். நிலத்தடியில் இருந்து வரும் கல்லில் ஒரு பிடி எடுத்து, அரைத்து, நிறுத்து, உருக்கி, அதில் வெள்ளி எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று சொல்வதே அவர் வேலை. கணக்குப் பார்த்துப் பிழைக்கும் எங்களுக்கு இந்தத் தொழில் அந்நியமாகத் தெரியவில்லை. பார்வைக்கு மினுங்குவதை நம்பாமல், நிறுத்துப் பார்த்து எழுதுகிற தொழில் அது.

அந்த ஊரின் நிலை மோசமாக இருந்தது. வில்யகாலி மக்களின் நிலமான அங்கே 1883இல் சார்ல்ஸ் றாஸ்ப் தாதுவைக் கண்டுபிடித்த பிறகு சனம் குவிந்தது. சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கவும், உலைக்கும் அடுப்புக்கும் எரிக்கவும் சுற்றியிருந்த மரங்களை வெட்டினார்கள். மிஞ்சியதைச் செம்மறிகளும் ஆடுகளும் முயல்களும் மேய்ந்தன. வருடத்துக்கு ஏறக்குறைய 250 மில்லிமீற்றர் மழையே பெய்யும் இடம் அது. பிடித்து வைக்க வேர் இல்லாத மண் காற்றோடு கிளம்பியது. தூசிப் புயல் பகலை இருட்டாக்கியது. வீட்டு வேலிகளில் மணல் ஏறிக் குவிந்தது.

1909இல் மொறிஸ், மாகிறட் சேய்சைத் திருமணம் செய்தார். மனைவியின் வழியே, போரை மறுக்கும் குவேக்கர் சபையிலும் சேர்ந்தார். றெயில்வே ரவுன் பகுதியில் அமைந்த அவர்கள் வீட்டையும் மணல் விடவில்லை. அந்த வளவே அவரது பரிசோதனைக் களமானது. எல்லோரையும் போல அவரும் வெளியில் இருந்து வந்த மரங்களையும் பூச்செடிகளையும் நட்டே தொடங்கினார். ஆனால் அங்கே தண்ணீர் விலை உயர்ந்த பொருள். ஊற்றினால்தான் நிற்கும் என்றால் அந்தச் செடியால் ஒரு நகரத்தைக் காக்க முடியாது. மெல்ல மெல்ல அவர் கவனம் அந்த நிலத்துக்கே உரிய செடிகளின் பக்கம் திரும்பியது.

1920இல் புறோக்கன் ஹில்லில் இயற்கை ஆர்வலர் கழகம் ஒன்று உருவானது. மருத்துவர் மக்கிலிவ்றேயுடன் மொறிசும் மாகிறட்டும் அதன் முன்னணியில் நின்றார்கள். ஓய்வு நாட்களில் வெளியே போய்ச் செடிகளைச் சேகரித்தார்கள். காயவைத்துப் பெயர் எழுதினார்கள், விதை எடுத்து வந்து முளைக்கப் போட்டார்கள். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத மொறிஸ் அந்த வறண்ட நாட்டின் தாவரங்களை நன்கறிந்தவர்களில் ஒருவரானார். ஓர் உப்புப் புதர் இனம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

எந்தச் செடி உதவும் என்பதற்கு அழகு அளவுகோல் அல்ல. மழையை மட்டும் நம்பி நிற்குமா, மணலைப் பிடிக்குமா, தானே விதை போட்டு அடுத்த தலைமுறையை எழுப்புமா என்று பார்க்க வேண்டும். உப்புப் புதர் தேவையற்ற உப்பை இலையின் மேலுள்ள நுண்ணிய பைகளுக்குத் தள்ளிவிடும். வேல இனத்தைச் சேர்ந்த முல்கா மரத்தின் கிளைகள் மேல்நோக்கி விரிந்து, விழுகிற மழையைத் தண்டு வழியாகத் தன் அடிக்கே இறக்கும். தாழ்ந்த புதர்கள் நிலமட்டத்தில் காற்றின் வேகத்தைக் குறைக்கும். காற்று தளர்ந்த இடத்தில் மணல் விழும், அதோடு விதையும் விழும். அங்கே ஈரம் கொஞ்சம் தங்கும், அடுத்த செடி முளைக்கும்.

1936இல் சிங்க் கோப்பறேசன் என்ற சுரங்க நிறுவனம் புதிய கட்டடங்களும் வீடுகளும் அமைத்துக்கொண்டிருந்தது. மணலில் இருந்து அவற்றைக் காக்க வழி வேண்டும். முகாமையாளர் கீஸ்ற் மொறிசின் ஆலோசனையைக் கேட்டார், நிறுவனத் தலைமையில் இருந்த றொபின்சனும் ஆதரவு கொடுத்தார். அந்த ஆண்டு மே மாதத்தில் 22 ஏக்கர் நிலத்தை வேலியடைத்து, யூக்கலிப்ரஸ் மரங்களும் உப்புப் புதர்களும் நட்டார்கள்.

ஆனால் மொறிஸ் அதோடு நிற்கவில்லை. வேலிக்குள் கால்நடையும் முயலும் நுழையாவிட்டால், நடாத செடிகளும் தானாக வரும் என்று அவர் நம்பினார். விதை மண்ணில் கிடக்கிறது, முளைத்ததும் மேய்ந்துவிடுவதால்தான் நிலம் மொட்டையாக இருக்கிறது என்பது அவரது கணிப்பு. 1937 முதல், காற்று அடிக்கும் தென்மேற்குப் பக்கத்தில் பெரிய நிலப்பரப்புகளை வேலியடைத்தார்கள். அங்கே நடவும் இல்லை, நீர் இறைப்பும் இல்லை. மழை வந்தபோது புல்லும் புதரும் தாமாக எழும்பின. மணல் அடங்கத் தொடங்கியது.

அதன் முழுப் பலனையும் காண அவருக்கு ஆயுள் இருக்கவில்லை. 1939 ஜனவரியில், 52 வயதில் காலமானார். ஆனால் வேலை நிற்கவில்லை. மாகிறட்டும் கழகத்தாரும் தொடர்ந்தார்கள், சுரங்க நிறுவனங்களும் நகரசபையும் வேலியை நீட்டின. 1950களின் முடிவுக்குள் அந்தப் பசுமை வளையம் நகரைச் சுற்றி வந்தது. அது இன்றும் இருக்கிறது.

இந்த வாழ்க்கையைப் படித்து முடித்தபோது எங்களுக்குச் சந்தோசத்தோடு ஒரு குற்ற உணர்ச்சியும் வந்தது. வலிகாமம் வடக்கில் எங்கள் குடும்பக் காணி பல வருடம் முட்கம்பிக்குள் கிடந்து விடுபட்டது. போய்ப் பார்த்தபோது ஒரே பற்றை. பாம்பு கிடக்கும் என்ற பயம் ஒரு பக்கம், லீவு முடியுமுன் ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற அவசரம் மறுபக்கம். மெசின் பிடித்து ஒரே நாளில் வழித்துத் துப்புரவாக்கினோம். யாரும் வைக்காமல் வளர்ந்திருந்த வடலிகளும் வேம்புகளும் அந்தக் குவியலோடு போயின. பிறகு காசு கொடுத்துக் கன்று வாங்கி நட்டோம். தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் முக்கால்வாசி பட்டுப்போனது. கணக்குத் தெரிந்த நாங்கள், கையில் இருந்த முதலை எண்ணிப் பார்க்காமலே தள்ளுபடி செய்திருந்தோம்.

காணி திரும்பக் கிடைத்த குடும்பங்களும், இனிக் கிடைக்கும் என்று காத்திருக்கும் குடும்பங்களும் எங்கள் பிழையைச் செய்ய வேண்டாம். கண்ணிவெடி அகற்றிய இடம்தானா என்று முதலில் உறுதிப்படுத்துங்கள். பிறகு ஊரில் உள்ள ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு காணியைச் சுற்றி நடந்து, தானாக வந்து நிற்பது என்னவென்று எழுதுங்கள். கிணற்றடிக்கும் பாதைக்கும் வேண்டிய அளவு மட்டும் வெட்டுங்கள். மிச்சத்தை ஒரு மாரி பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஆடு மாடு நுழையாமல் எல்லையில் கிளுவைக் கதியால் போடுங்கள்.

எங்கள் காணியின் வடக்கு மூலைக்கு மெசின் போக இடமிருக்கவில்லை. அங்கே ஏழு வடலிகள் தப்பி நிற்கின்றன. போன மாரிக்கு முன் அவற்றைச் சுற்றி வேலி அடைப்பித்தோம்.