ஜப்பானின் நாயகன், கொரியாவின் மகன்

தொழில்முறை மல்யுத்தத்தை விரும்பிப் பார்ப்பேன் என்று சொன்னால் என் நண்பர்கள் சிரிப்பார்கள். யார் வெல்லப்போகிறார் என்பதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு ஆடும் நாடகத்தில் என்ன சுவை என்று கேட்பார்கள். முடிவு பேசிவைக்கப்படுவது உண்மைதான். ஆனால் அந்த மேடையில் விழும் உடல் உண்மையானது. விழுவதற்காகப் பல ஆண்டுகள் எடுத்த பயிற்சியும் உண்மையானது. ஒரு காலத்தில் இந்த நாடகத்தைக் காண ஒரு நாடே தெருவில் திரண்டு நின்றது என்பதும் உண்மை.

அப்படி ஒரு நாட்டைத் தெருவுக்கு வரவழைத்தவர் ரிக்கிடோசான். ஜப்பானியத் தொழில்முறை மல்யுத்தத்தின் தந்தை என்று அவரை அழைக்கிறார்கள். அவர் வென்ற பட்டங்களைவிட அவரது வாழ்க்கையில் என்னைச் சிந்திக்க வைப்பது வேறொன்று. தாம் பிறந்த மண்ணை வாழ்நாள் முழுவதும் மறைக்க வேண்டியிருந்த அவர், யார் எங்கே பிறந்தார் என்று பார்க்காத ஒரு பயிற்சிக்கூடத்தை உருவாக்கிவிட்டுப் போனார்.

சூமோ வளையத்தில் புதிய பெயர்

ரிக்கிடோசானின் இயற்பெயர் கிம் சின்-ராக். 1924ஆம் ஆண்டு, இன்று வடகொரியாவில் உள்ள தென் ஹம்கியோங் மாநிலத்தில் பிறந்தார். அப்போது கொரியா முழுவதும் ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. உள்ளூர் மல்யுத்தத்தில் திறமை காட்டிய அந்தச் சிறுவன் ஜப்பானுக்கு வந்து, நிஷோனோசெக்கி என்ற சூமோ கூடத்தில் சேர்ந்தான். 1940ஆம் ஆண்டு முதல் போட்டியில் களமிறங்கியபோது வயது 15. அதாவது நம் ஊரில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் வயது.

ரிக்கிடோசான் என்பது சூமோ கூடம் அவருக்குச் சூட்டிய பெயர். பின்னர் மோமோட்டா மிட்சுஹிரோ என்ற ஜப்பானியப் பெயரும் வந்தது. நாகசாக்கி வட்டாரத்தில் உள்ள ஓமுராதான் சொந்த ஊர் என்று ஆவணங்களிலும் பதிவானது. கொரியர்களைத் தாழ்வாகப் பார்த்த சமூகத்தில் முன்னேற அந்தப் பெயரும் ஊரும் தேவைப்பட்டன.

அவர் சூமோவில் சாதாரணமானவர் அல்லர். 1947இல் ஒரு போட்டித் தொடரில் கிண்ணத்துக்கான இறுதி மோதல் வரை முன்னேறினார். மூன்றாவது மிக உயர்ந்த தரநிலையான செக்கிவாக்கேயை எட்டினார். ஆனால் 1950இல், சூமோ வீரரின் அடையாளமான கொண்டையைத் தம் கையாலேயே அறுத்துவிட்டு வெளியேறினார். கூடத்துடன் ஏற்பட்ட பூசல், பணப் பிரச்சினை, கொரியர் என்பதால் காட்டப்பட்ட பாகுபாடு என்று இதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. 26 வயதை நெருங்கிய அவர் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

விழக் கற்றுக்கொண்ட வீரர்

1951இல் பாபி பிரன்ஸ் என்ற அமெரிக்க மல்யுத்த வீரர் தம் குழுவுடன் ஜப்பானுக்கு வந்தார். அவர்களிடம் பயிற்சி பெற்ற ரிக்கிடோசான், அந்த ஆண்டு அக்டோபர் 28ஆம் தேதி பிரன்ஸுடனேயே மோதினார். பத்து நிமிட ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. சூமோ மோதல் பெரும்பாலும் சில வினாடிகளில் முடிந்துவிடும். நிமிடக்கணக்கில் மூச்சைத் தக்கவைத்துப் போராடுவது முற்றிலும் வேறு கலை.

அதைக் கற்க 1952 பிப்ரவரியில் ஹவாய்க்குப் புறப்பட்டார். அங்கு ஓக்கி ஷிகினா என்ற மூத்த வீரரிடம் பயிற்சி பெற்றார். பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவுக்குச் சென்று ஆடினார்.

மல்யுத்தப் பயிற்சியில் அடிப்பதற்கு முன்பே விழுவதற்குக் கற்றுத்தருவார்கள். மல்யுத்த மேடை மெத்தை அல்ல. இரும்புச் சட்டத்தின்மீது மரப்பலகைகளை அடுக்கி, மெல்லிய விரிப்பைப் போட்டு, மேலே துணியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். பின்புறமாக விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பின்மண்டை தரையில் மோதும். முதுகின் மேற்பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும். இரு கைகளாலும் தரையை அறைய வேண்டும். அப்போதுதான் அதிர்ச்சி ஓரிடத்தில் இறங்காமல் உடலெங்கும் பரவும். இதை உடல் தானாகச் செய்யும்வரை மீண்டும் மீண்டும் விழ வேண்டும்.

சூமோவில் பாதத்தைத் தவிர உடலின் எந்தப் பகுதி தரையைத் தொட்டாலும் தோல்வி. பத்தாண்டுகளாக விழக்கூடாது என்று பழகிய ஒருவர், இனி விழுவதையே தொழிலாகக் கற்க வேண்டியிருந்தது. அந்த மாற்றத்துக்கு எவ்வளவு மனவுறுதி தேவைப்பட்டிருக்கும் என்று நான் வியப்பதுண்டு.

இருவர் அணியும் தெருத் தொலைக்காட்சியும்

நாடு திரும்பிய ரிக்கிடோசான் 1953இல் ஜப்பான் மல்யுத்தச் சங்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில்தான் ஜப்பானில் தொலைக்காட்சி ஒளிபரப்பும் தொடங்கியது. சாமானியக் குடும்பங்களால் தொலைக்காட்சிப் பெட்டி வாங்க முடியாத காலம் அது. எனவே ரயில் நிலையங்களின் முன்பும் பொதுச் சதுக்கங்களிலும் பெட்டிகளை உயரத்தில் பொருத்தி வைத்தார்கள்.

1954 பிப்ரவரி 19ஆம் தேதி, தோக்கியோவின் குராமாயே அரங்கில் ஓர் இருவர் அணி ஆட்டம் நடந்தது. ஒருபுறம் ரிக்கிடோசானும் புகழ்பெற்ற ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவும். மறுபுறம் கனடாவைச் சேர்ந்த பென் ஷார்ப், மைக் ஷார்ப் சகோதரர்கள். சகோதரர்கள் இருவரும் ஜப்பானியர்களைவிட ஒரு தலை உயரம். ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீடித்துச் சமநிலையில் முடிந்தது. தெருத் தொலைக்காட்சிகளின் முன்னால் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்று பார்த்தார்கள்.

டேக் டீம் எனப்படும் இருவர் அணி ஆட்டத்தின் விதி எளிது. ஒவ்வோர் அணியிலும் ஒருவர் மட்டுமே உள்ளே மோதலாம். அவருடைய கூட்டாளி கயிற்றுக்கு வெளியே மூலையில் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் கையைத் தொட்டால்தான் இவர் நுழைய முடியும். பார்வையாளர்களைக் கட்டிப்போடுவது அந்தத் தொடுதலுக்கான காத்திருப்புதான். உள்ளே ஒருவர் அடிவாங்கித் தவழ்ந்து வருவார். கை நீளும், எட்டாது. மீண்டும் இழுத்துச் செல்லப்படுவார். கடைசியில் கை தொட்டவுடன் புதிய பலத்துடன் கூட்டாளி பாய்வார். அரங்கமே எழுந்து நிற்கும்.

அன்று அடிவாங்கும் பங்கு பெரும்பாலும் கிமுராவுக்கு. பாய்ந்து வந்து கையின் விளிம்பால் வெட்டி வீழ்த்தும் பங்கு ரிக்கிடோசானுக்கு. போரில் தோற்று, அமெரிக்கப் படைகளின் ஆதிக்கத்திலிருந்து 1952இல்தான் விடுபட்ட மக்களுக்கு, உயரமான வெள்ளையர்கள் சரிவதைப் பார்ப்பது பெரும் ஆறுதலாக இருந்தது. ஷார்ப் சகோதரர்கள் அமெரிக்கர்கள் அல்லர் என்பதையோ, அவர்களை வீழ்த்தியவர் ஜப்பானில் பிறந்தவர் அல்லர் என்பதையோ கூட்டம் எண்ணிப் பார்க்கவில்லை.

கூட்டாளி என்பவன் நாம் பளிச்சிடுவதற்காகத் தன் உடலைக் கொடுப்பவன். அந்தக் கடனை ரிக்கிடோசான் மதித்தாரா என்பது கேள்விக்குரியது. தமக்கு எப்போதும் தோற்கும் பங்கே தரப்படுவதாகக் கிமுரா குறைபட்டார். அந்த ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இருவரும் எதிரெதிராக மோதினார்கள். சமநிலையில் முடிப்பதாகப் பேசிவைத்திருந்ததாகக் கிமுரா பின்னாளில் தெரிவித்தார். ஆனால் நடுவில் ரிக்கிடோசான் உண்மையாகவே தாக்கத் தொடங்கினார். கிமுரா எழ முடியாமல் சாய்ந்தார். ரிக்கிடோசானின் வாழ்க்கையில் இது ஒரு கறை என்றே நான் கருதுகிறேன். எதிரே இருப்பவர் தம் உடலை நம்பி ஒப்படைப்பதில்தான் இந்தத் தொழில் நிற்கிறது.

சிங்கப்பூரின் கிங் காங்

ரிக்கிடோசானின் கதையில் நம் வட்டாரத்துக்கும் இடமுண்டு. சிங்கப்பூரில் வாழ்ந்து, மலாயா முழுவதும் அரங்குகளை நிரப்பிய கிங் காங்கைப் பற்றி உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். அவரது இயற்பெயர் எமில் சாயா. 1955 நவம்பரில் அவர் ஜப்பானுக்குச் சென்றார். அங்கு டைகர் ஜோகிந்தர் சிங்குடன் சேர்ந்து ஆசிய இருவர் அணிப் பட்டத்தின் முதல் வெற்றியாளரானார். சில நாள்களில் தனிநபர் ஆட்டத்தில் கிங் காங்கை வீழ்த்தி ரிக்கிடோசான் ஆசியப் பட்டத்தைக் கைப்பற்றினார். அந்த இருவர் அணிப் பட்டத்துக்காக ஜப்பானில் இன்றும் வீரர்கள் மோதுகிறார்கள்.

1957இல் உலக வெற்றியாளர் லூ தெஸுடன் ஒரு மணி நேரம் மோதிச் சமநிலை கண்டார் ரிக்கிடோசான். அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில் அவரை வென்றார். அதன்பின் ஜப்பானில் அவரது பெயரை அறியாத பிள்ளைகளே இல்லை என்ற நிலை உருவானது.

மூன்று மாணவர்கள்

1960ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி அவரது மாணவர்கள் இருவர் முதன்முறையாக மேடையேறினார்கள்.

ஒருவர் ஷோஹெய் பாபா. இரண்டு மீட்டருக்கும் அதிக உயரம். பேஸ்பால் பந்து வீச்சாளர். குளியலறையில் வழுக்கி விழுந்து முழங்கையில் காயம்பட்டதால் அந்த விளையாட்டைக் கைவிட நேர்ந்தவர்.

மற்றவர் கஞ்சி இனோக்கி, வயது 17. பிழைப்புக்காகக் குடும்பத்துடன் பிரேசிலுக்குக் குடிபெயர்ந்து காப்பித் தோட்டத்தில் உழைத்தவர். குண்டு எறிதலில் சிறந்து விளங்கிய அந்த இளையரைச் சாவ் பாவ்லோவில் கண்டெடுத்து அழைத்து வந்தார் ரிக்கிடோசான்.

அன்று இனோக்கியைத் தோற்கடித்தவர் மூன்றாவது மாணவர், கின்டாரோ ஓக்கி. அவரும் கொரியர். உண்மைப் பெயர் கிம் இல். ரிக்கிடோசானிடம் கற்க வேண்டும் என்பதற்காக 1958இல் சட்டவிரோதமாகக் கடல் கடந்து ஜப்பானுக்கு வந்து, பிடிபட்டுத் தடுத்து வைக்கப்பட்டவர். பொறுப்பேற்று அவரை வெளியே கொண்டுவந்தவர் ரிக்கிடோசான்.

விளையாட்டை இழந்தவர், தொலைதூரத்திலிருந்து திரும்பியவர், ஆவணமின்றி வந்தவர் என மூவருக்கும் அங்கே ஒரே பாடம்தான். உட்கார்ந்து எழும் பயிற்சியை ஆயிரக்கணக்கில் செய்ய வேண்டும். தமிழில் நாம் பஸ்கி என்று சொல்வது இதைத்தான். இந்திய மல்யுத்தக் கூடங்களிலிருந்து உலகெங்கும் பரவியதால் மல்யுத்த வீரர்கள் இன்றும் இதை இந்து ஸ்குவாட் என்கிறார்கள். வியர்வை தரையில் குட்டையாகத் தேங்கும்வரை நிறுத்தக்கூடாது. அதன்பின் விழும் பயிற்சி. இனோக்கிக்கு இவற்றோடு குருவின் பையைச் சுமப்பது, அவருக்குப் பணிவிடை செய்வது ஆகிய வேலைகளும் இருந்தன.

ரிக்கிடோசான் கனிவான ஆசிரியர் அல்லர். மாணவர்களை அடித்தார், பிறர் முன்னிலையில் அவமானப்படுத்தினார். இன்று எந்தப் பயிற்றுநரும் அப்படி நடந்துகொள்ள முடியாது. நடந்துகொள்ளவும் கூடாது. அதை மறைக்காமல் சொல்லிவிட்டே இதையும் சொல்கிறேன்: அந்தக் கூடத்தின் வாசலில் பிறப்புச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை.

கழற்றாத முகமூடி

1963 மே மாதம் டெஸ்ட்ராயர் என்ற முகமூடி வீரருடன் ரிக்கிடோசான் மோதிய ஆட்டத்தின் தொலைக்காட்சி நேயர் விகிதம் 64 விழுக்காடு. முகமூடி அணிந்திருந்தவரைப் பற்றி நேயர்கள் பேசிக்கொண்டார்கள். எதிரே நின்ற தங்கள் நாயகன் அணிந்திருந்த முகமூடி பெரும்பாலோருக்குத் தெரியவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி இரவு, தோக்கியோவின் அகசாக்கா பகுதியில் உள்ள ஓர் இரவு விடுதியில் குண்டர் கும்பலைச் சேர்ந்த ஒருவருடன் தகராறு ஏற்பட்டது. அந்த நபர் ரிக்கிடோசானின் வயிற்றில் கத்தியால் குத்தினார். காயத்தால் ஏற்பட்ட கிருமித்தொற்று முற்றி, டிசம்பர் 15ஆம் தேதி அவர் உயிர் பிரிந்தது. வயது 39. அவர் கொரியர் என்ற செய்தி ஜப்பானிய மக்களிடையே பரவலாகத் தெரியவர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

மாணவர்கள் அவருடைய பணியைத் தொடர்ந்தார்கள். அந்தோனியோ இனோக்கி என்று பெயர் மாற்றிக்கொண்ட இனோக்கியும் ஜயண்ட் பாபா என்று புகழ்பெற்ற பாபாவும் இருவர் அணியாகப் பட்டங்கள் வென்றார்கள். பிறகு 1972இல் ஆளுக்கொரு மல்யுத்த அமைப்பைத் தொடங்கினார்கள். இரண்டும் இன்றும் இயங்குகின்றன. கிம் இல் தென்கொரியாவுக்குத் திரும்பித் தம் சொந்தப் பெயரிலேயே தேசிய நாயகனானார். குருவால் செய்ய முடியாததை மாணவர் செய்தார்.

1995 ஏப்ரலில் இனோக்கி வடகொரியத் தலைநகர் பியோங்யாங்கின் மே தின விளையாட்டரங்கில் மல்யுத்தம் ஆடினார். அந்தப் பயணத்துக்கு அரசியல் காரணங்களும் இருந்தன. ஆனால் தாம் பிறந்த வடக்கு மண்ணில், பிரேசிலிலிருந்து தாம் அழைத்து வந்த பையன் ஒருநாள் மேடையேறுவான் என்று ரிக்கிடோசான் நினைத்துப் பார்த்திருப்பாரா?

இணைப்பாட நடவடிக்கையோ கல்லூரிக் குழுவோ, உங்கள் அணிக்குப் புதிதாக ஒருவர் வரும்போது எங்கிருந்து வந்தார் என்ற கேள்விதான் முதலில் எழும். ரிக்கிடோசானுக்கு அந்தக் கேள்வி வாழ்நாள் முழுவதும் அச்சமாக இருந்தது. அவரது கூடத்தில் அதற்குப் பதிலாகக் கேட்கப்பட்டது வேறொரு கேள்வி: விழுந்தால் எழுவாயா? அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கேள்வியைத்தான்.