எருமைகளோடு பூட்டிய வீடுகள்

இந்தியாவின் முதலாவது துணைப் பிரதமராக 1950 இல் மறைந்த வல்லபாய் பட்டேல், அதற்கு முன் அகமதாபாத்தில் பேர்பெற்ற சட்டத்தரணி. ‘சர்தார்’ என்ற பெயர் அவருக்கு பர்தோலியில்தான் நிலைத்தது.

பம்பாய் அரசு அங்கே நிலவரியை 22 சதவீதத்தால் உயர்த்தியது. 1928 இல் பட்டேலை நம்பி விவசாயிகள் கட்ட மறுத்தனர். மாடு, பாத்திரம், காணி என்று பறிக்க அதிகாரிகள் வந்தனர். அவர்களின் தலை தெரிந்தால் மேளம் முழங்கும். சனம் எருமைகளை வீட்டுக்குள் இழுத்துக் கதவைப் பூட்டிவிடும். மாதக்கணக்கில் மனிதரும் மாடும் ஒரே இருட்டில். ஏலத்தில் எடுக்க ஊருக்குள் ஆளில்லை. சில காணிகள் வெளியாருக்குப் போயின. காணி போன வலியை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஓகஸ்ட்டில் அரசு இறங்கி வந்தது. விசாரணைக்குப் பின் உயர்வு 6 சதவீதமளவாகக் குறைந்தது. பறிபோன காணிகள் உரியவர்களிடம் திரும்பின.