திருநாவுக்கரசு சுவாமிகளும் மரணபயமும்

மனிதர் அஞ்சுவது மரணத்தையா, மரணத்துக்கு முன்னே வரும் நோவையா என்பது ஆராயத்தக்கதொரு வினாவாகும். கொத்மலைத் தேயிலைத் தோட்டங்களிலே லயக் காம்பிராவில் நோயுற்றுக் கிடக்கும் முதியோர், சாவுக்குத் தாம் அஞ்சவில்லையென்றும், கிடையிற் கிடந்து வருந்தாமற் போனாற் போதுமென்றும் சொல்லுதல் வழக்கம். இவ்விரண்டு அச்சங்களையும் வேறுபிரித்து உணர்த்தவல்லது, நம் சமயகுரவருள் ஒருவராகிய திருநாவுக்கரசு சுவாமிகளுடைய சரித்திரம். கி. பி. 7-ஆம் நூற்றாண்டில் விளங்கிய சுவாமிகளின் வரலாற்றை, 12-ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்தருளினார்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே புகழனாருக்கும் மாதினியாருக்கும் திலகவதியார் என்னும் புத்திரியாரும், பின்பு மருணீக்கியார் என்னும் புத்திரரும் பிறந்தனர். தந்தையாரும் தாயாரும் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். திலகவதியாருக்கு மணம் பேசப்பட்ட கலிப்பகையாரும் போர்க்களத்தில் உயிர்துறந்தார். அம்மையார் தாமும் உயிர்விடத் துணிந்தபோது, தமக்கையார் பிரிந்தால் தாம் அதற்கு முன்னரே இறப்பதாகத் தம்பியார் கதறினார். தம்பியின்பொருட்டு அம்மையார் உயிர்தாங்கினார். மரணத்தை எளிதென்று எண்ணியவரை வாழச்செய்தது அச்சமன்று, அன்பேயாம்.

மருணீக்கியார் நிலையாமையை உணர்ந்து தண்ணீர்ப்பந்தலும் அறச்சாலையும் அமைத்தார். பின்பு பாடலிபுத்திரஞ் சென்று சமண சமயத்திற் சேர்ந்து, தருமசேனர் என்னும் பெயருடன் பேராசிரியராய் விளங்கினார். நிலையாமையை நூல்களாற் கற்றவர், பிறருக்குங் கற்பித்தவர். எனினும், சூலைநோய் வயிற்றிற் புகுந்து குடரை முறுக்கியபோது அக்கல்வி அவருக்கு உதவவில்லை. உடனிருந்தோர் செய்த பரிகாரங்களும் பயன்படவில்லை. தமக்கையாருக்கு ஆள் அனுப்பினார். அம்மையார் அங்கே வருதற்கு இசையாமையால், இரவிலே தாமே திருவதிகைக்கு வந்து அவர் திருவடியில் வீழ்ந்தார். அம்மையார் திருவைந்தெழுத்தோதித் திருநீறளித்து, விடியுமுன்னரே அவரைத் திருவீரட்டானத்துக்கு அழைத்துச் சென்றனர். அங்கே பாடியருளிய முதற்பதிகத்திலே, சுவாமிகள் அந்நோயைக் கூற்றுவனுக்கே ஒப்பிட்டு, தம்மாற் பொறுக்க முடியவில்லையென்று வெளிப்படையாக முறையிட்டார். அம்முறையீட்டை நம் முன்னோர் இழுக்கென்று மறைத்தாரல்லர். தேவாரத்தில் அவரருளிய பதிகங்களுக்கு அதனையே முதலாகப் போற்றினர்.

நோய் நீங்கியபின் பல்லவவேந்தன் ஆணையுடன் அமைச்சர் வந்தனர். இவ்வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன் என்பர் சரித்திர ஆராய்ச்சியாளர். சுவாமிகளோ தாம் எவருக்கும் அடிமையல்லர் என்றும், யமனையும் அஞ்சுவதில்லை என்றும் பாடி அவ்வாணையை மறுத்தனர். பின்பு நீற்றறையில் ஏழுநாள் அடைக்கப்பட்டனர், நஞ்சூட்டப்பட்டனர், யானையின்முன் நிறுத்தப்பட்டனர், கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பட்டனர். எல்லாவற்றினின்றும் சிவபெருமான் திருவருளால் உய்ந்து, திருப்பாதிரிப்புலியூரருகே கரையேறினார். வேந்தனும் பின்பு சைவனாயினான்.

நீற்றறை குளிர்ந்தமையின் அங்கே நோவு இல்லை. நோவு இல்லாவிடத்து அஞ்சாமை ஒரு வியப்பாகுமோ என ஒருவர் வினவலாம். அதற்கு விடை இரண்டு. யமனை அஞ்சேன் என்றது நீற்றறை குளிருமுன்னர். தமக்கு யாது நேரும் என்பதை அறியாத காலத்திலேயாம். அன்றியும், முதுமையிலே கயிலை காணப் புறப்பட்ட சுவாமிகள், கால்கள் தேய்ந்தபின் கையாலும், கை தேய்ந்தபின் மார்பாலும், அதன்பின் உருண்டும் சென்றனர். எதிர்ப்பட்ட முனிவர் ஒருவர் திரும்புமாறு சொல்லியும், அழியும் இவ்வுடம்போடு காணாது மீளுதற்கு இசைந்திலர். சூலையைப் பொறுக்கமாட்டாது அழுத அதே உடம்புதான் இந்நோவைப் பொறுத்தது. உடம்பு கல்லாகிவிடவில்லை; பற்றுக்கோடு ஒன்று கிடைத்தது. திருவருள் அவரைத் திருவையாற்றிலே எழச்செய்து கயிலைக் காட்சியை அங்கே காட்டியது. இறுதியிலே திருப்புகலூரில் உழவாரப் பணி செய்திருந்து, சித்திரைச் சதயத்திலே, 81-ஆம் வயதில், அஞ்சி ஓடாது தாமே திருவடியை நாடி அடைந்தனர் என்பர்.

ஆகவே நோவை அஞ்சுதல் வேறு, மரணத்தை அஞ்சுதல் வேறு. நோவு உடம்பின் இயல்பு. அதற்கு அழுபவன் கோழையல்லன். மரணபயமோ பற்றினால் வருவது. மெய்ப்பற்று வாய்த்தபோது அது நீங்கும்.

ஆசிரியர்காள்! குருபூசைத் தினத்திலே இச்சரித்திரத்தைச் சொல்லும்போது, நீற்றறையின் அற்புதத்தோடு சூலையின் அழுகையையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாணாக்கனது வீட்டிலே பாட்டனார் நோவால் முனகும்போது, அது பத்திக்குறைவு என்று அவன் எண்ணாதிருக்கக்கடவன். திலகவதியார் நோயுற்றவருக்கு முதலிற் செய்தது உபதேசமன்று. வீழ்ந்தவரை எழுப்பித் திருநீறளித்து உடன்சென்றதேயாம். நாமும் நோயாளியின் அருகே முதலிற் சென்றமர்வோமாக. நிலையாமையைப் பின்னர்ப் பேசலாம்.