அஞ்சா நெஞ்சத்து நாடியா

மாணவர்களே! பெற்றோரின் பணியிடமாற்றத்தால் ஊர்விட்டு ஊர் செல்வது உங்களுள் பலருக்குப் பழக்கமானதே. அவ்வாறே தந்தையின் பணிநிமித்தம் கடல் கடந்து வந்த சிறுமி ஒருத்தி, இந்தியத் திரையுலகில் அழியாப் புகழ் பெற்ற வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

1908 ஆம் ஆண்டு சனவரி 8 ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மேரி ஆன் எவன்ஸ் பிறந்தார். தந்தை பிரித்தானியப் படைவீரர். தாய் கிரேக்க நாட்டு வழியினர். குடும்பம் பம்பாய்க்கு வந்தது. முதல் உலகப்போரில் தந்தை உயிர்நீத்தார். அதன்பின் தாயும் மகளும் பெஷாவர் சென்றனர். அங்கே குதிரையேற்றமும் துப்பாக்கி சுடுதலும் மேரிக்குக் கைவந்தன.

பின்னர்ப் பம்பாய் திரும்பிய அவர், பிழைப்பிற்காகக் கடையொன்றில் விற்பனையாளராகப் பணிபுரிந்தார். ருஷ்ய நடன ஆசிரியை ஒருவரிடம் பாலே நடனம் பயின்று, அவர்தம் குழுவுடன் ஊர்தோறும் ஆடினார், சர்க்கசிலும் சேர்ந்தார். அக்காலத்தில்தான் நாடியா என்னும் பெயரைச் சூடிக்கொண்டார்.

வாடியா மூவிடோன் நிறுவனத்தின் ஜாம்ஷெட் வாடியா, நாடியாவின் துணிவைக் கண்டு திரைப்பட வாய்ப்பளிக்க முன்வந்தார். நந்தா தேவி எனப் பெயரை மாற்றிக்கொள்ளவும், நீண்ட கரும்பின்னல் கொண்ட பொய்ம்முடி அணியவும் அவர் கூறினார். நாடியாவோ வாய்ப்பு நழுவக்கூடும் என்று அறிந்தும் உடன்படவில்லை. பொன்னிற முடியுடனும் தம் பெயருடனுமே அவர் நடித்தார். இந்தி அவருக்குத் தாய்மொழியன்று. ஆயினும் முயன்று கற்றுப் பேசினார்.

ஹோமி வாடியா இயக்கிய 'ஹண்டர்வாலி' 1935 இல் உருவாயிற்று. தந்தையாகிய அரசரைக் கொடிய அமைச்சன் சிறைப்படுத்த, இளவரசி முகமூடி அணிந்து, சாட்டை ஏந்தி, எளியோரைக் காப்பதே அதன் கதை. பெண்ணொருத்தி ஆடவரை அடித்து வீழ்த்தும் படத்தை மக்கள் விரும்புவரோ என்று விநியோகத்தர் தயங்கினர். வாடியா சகோதரர்களே முன்னின்று அதனை வெளியிட்டனர். படம் பெருவெற்றி கண்டது. இருபத்தைந்து வாரங்களுக்கும் மேலாக ஓடியது.

அந்நாளில் கணினி வரைகலை இல்லை. ஆபத்தான காட்சிகளில் தமக்கு மாற்றாக வேறொருவரை நடிக்கச் செய்யாமல், நாடியா தாமே நடித்தார். 'மிஸ் ஃபிரான்டியர் மெயில்' (1936) படத்தில் ஓடும் தொடர்வண்டியின் கூரைமீது சண்டையிட்டார். 'ஜங்கிள் பிரின்சஸ்' (1942) படத்தில் சிங்கங்களுடன் நடித்தார். இவை தற்செயலாக வந்த திறன்கள் அல்ல. பெஷாவரின் குதிரையும், பாலே நடனமும், சர்க்கஸ் பயிற்சியும் அவர்தம் உடலையும் உள்ளத்தையும் பண்படுத்தியிருந்தன. 'டயமண்ட் குயீன்' (1940) படத்தில் பெண்கல்வியையும் பெண் விடுதலையையும் வலியுறுத்தினார்.

1961 இல் ஹோமி வாடியாவை மணந்தார். 1968 இல், அறுபதாம் வயதில், 'கிலாடி' படத்தில் மீண்டும் தோன்றினார். வாடியா குடும்பத்தைச் சேர்ந்த ரியாத் வாடியா, 1993 இல் அவர் வாழ்வை ஆவணப்படமாக்கினார். 1996 சனவரி 9 இல், எண்பத்தெட்டாம் பிறந்தநாளின் மறுநாள், நாடியா மும்பையில் காலமானார்.

பிறந்த மண் வேறு. பேசிய மொழி வேறு. ஆயினும் தம் அடையாளத்தை இழக்காமலே வந்த மண்ணின் அன்பைப் பெற்றார் நாடியா. துணிவு என்பது அச்சமின்றிக் குதிப்பது மட்டுமன்று. பயின்று குதிப்பதே துணிவு என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.

அருஞ்சொற்பொருள்

நிமித்தம் – காரணம்
கைவருதல் – பழக்கத்தால் எளிதாதல்
பொய்ம்முடி – செயற்கைக் கூந்தல்
பண்படுத்துதல் – செம்மைப்படுத்துதல்

வினாக்கள்

1. நாடியா பெஷாவரில் கற்ற கலைகள் யாவை?
2. 'ஹண்டர்வாலி' படத்தை வெளியிட விநியோகத்தர் தயங்கியது ஏன்?
3. புதிய ஊரில் நீங்கள் விட்டுக்கொடுக்க விரும்பாத ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்களில் எழுதுக.