ஏழு டாலருக்குப் போன படகு

இரண்டு குளிர்காலமாக வீட்டுக் கராஜில் ஒரு கயாக் செய்துகொண்டிருக்கிறேன். மெல்லிய ப்ளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் எபாக்ஸி அப்பி, கம்பியை உருவி, மேலே கண்ணாடியிழைத் துணி ஒட்டி... எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போதுதான் உப்புத்தாள் தேய்க்கும் வேலை ஆரம்பமாகிறது. அதற்கப்புறம் வார்னிஷ். ஒரு பூச்சு காய்ந்து அடுத்தது பூசும்வரை சும்மா இருக்க வேண்டும். கார் வெளியே பனியில் நிற்கிறது. அதைப் பற்றி வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்பது இங்கே வேண்டாம். அப்படிச் சும்மா இருந்த நாட்களில் படிக்க எடுத்ததுதான் தோரோ.

ஹென்றி டேவிட் தோரோ என்றால் நமக்கெல்லாம் வால்டன் குளக்கரைக் குடிசை, வரி கட்ட மறுத்து ஒரு ராத்திரி ஜெயில், பிறகு காந்தி. 1907இல் காந்தி தென்னாப்பிரிக்காவில் தன் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் தோரோவின் கட்டுரையை எடுத்துப் போட்டது வரை பல முறை எழுதப்பட்டுவிட்டது. எனக்கு அவரைக் காட்டியது வேறொன்று. வால்டனுக்கு ஆறு வருடம் முன்பு, 1839 வசந்தத்தில், ஹென்றியும் அவர் அண்ணன் ஜானும் சேர்ந்து ஒரு படகு கட்டினார்கள்.

அப்போது ஹென்றிக்கு 21 வயது. 1837இல் ஹார்வர்டில் படிப்பை முடித்துவிட்டு, மாசசூசெட்ஸில் சொந்த ஊரான கான்கார்டில் வாத்தியார் வேலைக்குப் போனார். பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னார்கள். இரண்டே வாரத்தில் வேலையை விட்டுவிட்டார். அடுத்த வருடம் அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு தனிப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அதில் அடி கிடையாது. காட்டுக்கும் ஆற்றுக்கும் கூட்டிப் போவது உண்டு. ஜான் கலகலப்பானவர், ஊரில் எல்லோருக்கும் பிடித்தவர். ஹென்றி முகம் கொடுத்துப் பேசத் தெரியாத ரகம். இரண்டு வயது மூத்த அண்ணன்தான் அவருக்குச் சிநேகிதனும்.

படகு கட்ட ஒரு வாரம் பிடித்தது. (இரண்டு குளிர்காலம் என்று மேலே எழுதியவன் இதைப் படித்தபோது என்ன நினைத்திருப்பேன் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.) பதினைந்து அடி நீளம், அகலமான இடத்தில் மூன்றரை அடி, மீனவர்களின் டோரி படகுபோல் தட்டையான அடி. கீழே பச்சை வர்ணம், விளிம்பில் நீலம். இரண்டு ஜோடித் துடுப்பு, ஆழமில்லாத இடத்தில் தள்ள நீளக் கழிகள், இரண்டு பாய்மரம். பாய்மரங்களில் ஒன்று ராத்திரியில் கூடாரக் கம்பாகிவிடும். அருவி வந்தால் கரையோரம் உருட்டிப் போகச் சக்கரங்கள்கூட உண்டு. கட்டியவரே இது பலமானது, ஆனால் கனமானது, வடிவத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்று ஒத்துக்கொள்கிறார். பெயர் மஸ்கெடாகுவிட். அந்த ஆற்றுக்குப் பூர்வகுடிகள் வைத்திருந்த பெயர் அது.

1839 ஆகஸ்ட் 31, சனிக்கிழமை. சொந்தத் தோட்டத்து உருளைக்கிழங்கையும் முலாம்பழத்தையும் ஏற்றிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். கான்கார்ட் ஆற்றில் இறங்கி, கால்வாய் வழியாக மெரிமாக் ஆற்றுக்குப் போய், நீரோட்டத்துக்கு எதிராக நியூ ஹாம்ப்ஷயருக்குள் ஏறினார்கள். ஹூக்செட்டில் படகை விட்டுவிட்டு வெள்ளை மலைத்தொடருக்குப் போய், வாஷிங்டன் மலை உச்சியை ஏறித் திரும்பினார்கள். இறங்கும்போது ஆறும் காற்றும் கூட வந்தன. செப்டம்பர் 13 அன்று வீடு.

ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். அந்த ஜூலையில்தான் எலன் சீவால் என்ற பதினேழு வயதுப் பெண் கான்கார்டுக்கு வந்து இரண்டு வாரம் தங்கிப் போயிருந்தாள். அண்ணன், தம்பி இருவர் மனதிலும் அவள்தான். அடுத்த வருடம் ஜான் முதலில் கேட்டார். அவள் சரியென்று சொல்லி, வீட்டு எதிர்ப்பால் உடனே பின்வாங்கினாள். சில மாதம் கழித்து ஹென்றி கடிதத்தில் கேட்டார். அப்பா சொன்னபடி மறுத்து எழுதிவிட்டாள். பதினைந்து அடிப் படகில் எதிரெதிரே உட்கார்ந்து போனவர்கள் இதைப் பேசிக்கொண்டார்களா? பயணத்தைப் பற்றி ஹென்றி எழுதிய புத்தகத்தில் அவள் பெயர் இல்லை.

1841இல் ஜானின் உடல்நிலை காரணமாகப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். 1842 புத்தாண்டு அன்று ஜான் சவரக்கத்தியைத் தோல்வாரில் தீட்டும்போது விரல் நுனியில் ஒரு சின்ன வெட்டு. துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தார். ஒரு வாரத்தில் ரணஜன்னி. ஜனவரி 11 அன்று தம்பியின் கைகளிலேயே உயிர் போனது. சில நாள் கழித்து ஹென்றிக்கும் தாடை இறுகி, அதே அறிகுறிகள் எல்லாம் வந்தன. உடம்பில் ஒரு கீறல்கூடக் கிடையாது. வீட்டில் எல்லோரும் கைவிட்டுவிட்ட நிலையிலிருந்து மெல்லத் தேறினார்.

அந்த வருடமே படகை விற்றார். வாங்கியவர் சாமானியரல்ல, நதானியேல் ஹாதார்ன். கல்யாணமாகிக் கான்கார்டில் புதுக்குடித்தனம் வந்தவர். விலை ஏழு டாலர். தோரோ கையில் நினைத்த பக்கம் போன படகு, ஹாதார்ன் துடுப்பெடுத்ததும் எல்லாத் திசையிலும் போயிற்று, சரியான திசையைத் தவிர. தோரோ கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். ஹாதார்ன் படகுக்கு அல்லி மலரின் பெயரை வைத்தார். அண்ணனோடு ஆணி அடித்த பலகையில் இன்னொருவருக்குத் துடுப்புப் பிடிக்கக் கற்றுக் கொடுப்பது எப்படி இருந்திருக்கும்! பணத்தேவை மட்டும்தான் காரணம் என்று என்னால் நம்ப முடியவில்லை.

1845 ஜூலை 4 அன்று வால்டனுக்குக் குடிபோனார். குடிசையும் அவரே கட்டியது: பதினைந்து அடி நீளம், பத்தடி அகலம், செலவு 28 டாலர் 12½ சென்ட். எல்லோரும் அங்கே அவர் 'வால்டன்' எழுதினார் என்று நினைக்கிறோம். அதுவும் உண்டு. ஆனால் தனிமை தேடிப் போன முதல் காரணம் அந்த ஆற்றுப் பயணத்தை எழுதி முடிப்பதுதான். பதினான்கு நாளை ஒரு வாரமாகச் சுருக்கி, கீதை, கவிதை, மீன்கள், நட்பு பற்றியெல்லாம் நடுவே எழுதி நிரப்பினார். சில இடங்களில் படகு நகரவே மாட்டேன் என்கிறது. பக்கங்களைத் தள்ளினேன் என்பதை மறைப்பானேன். அண்ணன் உடன் வருகிறார். ஆனால் ஜான் என்ற பெயரை ஓரிடத்தில்கூட எழுதவில்லை.

'கான்கார்ட், மெரிமாக் ஆறுகளில் ஒரு வாரம்' 1849இல் வந்தது. அச்சுச் செலவு ஆசிரியர் தலையில். ஆயிரம் பிரதி போட்டதில் 1853இல் 706 பிரதிகள் வண்டியில் திரும்பி வந்தன. முதுகில் சுமந்து மாடியில் அடுக்கினார். தன் வீட்டு நூலகத்தில் முக்கால்வாசி நூல்கள் தானே எழுதியவை என்று நாட்குறிப்பில் கிண்டல் வேறு. நில அளவை வேலையும் குடும்பத்துப் பென்சில் தொழிலும்தான் அந்தக் கடனை அடைத்தன. பென்சிலிலும் அவர் கைவேலை உண்டு: கிராஃபைட்டைக் களிமண்ணோடு கலந்து, அமெரிக்காவிலேயே நல்ல பென்சில்களில் ஒன்றாக அதை ஆக்கினார்.

1860 குளிர்காலத்தில் மரங்களின் வளையங்களை எண்ணப் போன இடத்தில் சளி பிடித்தது. நெஞ்சில் ஏற்கெனவே இருந்த காசநோய் அதோடு முற்றியது. படுக்கையிலும் எழுத்துகளைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1862 மே 6 காலையில் தங்கை சோஃபியா அந்த ஆற்றுப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தைப் படித்துக் காட்டினாள். காற்று பின்னாலிருந்து வீச, அண்ணனும் தம்பியும் வீட்டைப் பார்த்து இறங்கி வரும் வெள்ளிக்கிழமை அது. இனிமேல் படகு நன்றாகப் போகும் என்கிற அர்த்தத்தில் ஏதோ முணுமுணுத்தார் என்கிறார்கள். ஒன்பது மணி வாக்கில் மூச்சு நின்றது. வயது 44.