வளையாத பலகையை வளைத்தவர்

கல்யாண மண்டபத்தில் அடுக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியைக் கவனித்திருக்கிறீர்களா? உட்காரும் இடமும் சாயும் இடமும் ஒரே துண்டு. அப்படி ஒரே துண்டில், மலிவாக ஒரு நாற்காலி செய்யப் பத்து வருஷம் போராடியவர் சார்லஸ் ஈம்ஸ்.

1907-ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட்டதால், பள்ளியில் படிக்கும்போதே இரும்புக் கம்பெனியில் கூலி வேலை. கல்லூரியில் கட்டடக்கலை சேர்ந்தார், முடிக்கவில்லை.

1940-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் போட்டி வைத்தது. நண்பர் ஈரோ சாரினெனோடு சேர்ந்து ப்ளைவுட் நாற்காலிக்குப் பரிசு வாங்கினார். பரிசு கிடைச்சதே தவிர நாற்காலி சரியா வரலை! வளைவில் பலகை வெடித்தது. மேலே துணி வைத்து மூடினார்கள். எங்க அப்பா ஆசாரி. கிண்ணம் மாதிரி வளைச்சா வெடிக்காம என்ன செய்யும் என்று சிரித்தார்.

1941-ல் ஓவியர் ரே கைசரைக் கல்யாணம் செய்துகொண்டு லாஸ் ஏஞ்சலஸ் போனார். வாடகை வீட்டுக்குள்ளேயே இருவரும் ஒரு மெஷின் கட்டினார்கள். மெல்லிய மரத்தாள்களைப் பசை தடவி அடுக்கி, சூடான அச்சில் வைத்து, ரப்பர் பையில் சைக்கிள் பம்பால் காற்றடித்து அமுக்குவது. அதற்குள் உலகப் போர். கால் முறிந்த வீரர்களுக்குக் கட்டிய உலோகச் சிம்பு (நடிகர் இல்லை!) தூக்கிப் போகும்போது அதிர்ந்து காயத்தை மோசமாக்கியது. இவர்கள் கடற்படைக்கு ப்ளைவுட் சிம்பு செய்தார்கள், சுமார் 1,50,000. நாற்காலிக்கான தொழில் கைக்கு வந்தது அதில்தான்.

போர் முடிந்ததும் ப்ளைவுட் நாற்காலி வந்தது. ஆனாலும் இருக்கை தனி, முதுகு தனி. 1948-ல் மலிவு விலை நாற்காலிக்கு இன்னொரு போட்டி. அதற்குத் தகட்டில் செய்து பார்த்தார்கள், செலவு கட்டவில்லை. கடைசியில் 1950-ல் ஃபைபர்கிளாஸில் ஒரே துண்டாக வந்தேவிட்டது! (1956-ல் செய்த தோல் நாற்காலி ரொம்ப விலை, அதை விட்டுவிடுகிறேன்.)

எனக்கு ஒரு வருத்தம். 1946-ல் அதே அருங்காட்சியகம் வைத்த கண்காட்சியில் சார்லஸ் பெயர் மட்டும்தான். கூடவே உழைத்த ரே பெயரைக் காணோம்.

1958-ல் நம் அரசு அழைத்து இருவரும் இந்தியா வந்தார்கள். அவர்கள் எழுதிய அறிக்கையில் ரொம்பப் புகழ்ந்தது எதை தெரியுமா? நம்ம வீட்டுச் சொம்பை! அதன்பிறகு 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியது.

சார்லஸ் 1978 ஆகஸ்ட் 21-ல் இறந்தார். ரே இறந்தது சரியாகப் பத்து வருஷம் கழித்து, அதே ஆகஸ்ட் 21.

– 9-ம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி