மூலகம் கண்ட இலவோசியர்

நிலம், நீர், தீ, காற்று என்னும் நான்குமே உலகப் பொருள்கள் யாவற்றுக்கும் மூலம் என்று கிரேக்க அறிஞர் வகுத்த கொள்கை ஐரோப்பாவில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிலைபெற்றிருந்தது. தராசொன்றைத் துணையாகக் கொண்டு அதனை வீழ்த்திய பெருமகனே அந்துவான் இலவோசியர்.

1743ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆந் திகதி பாரிசு நகரில் வழக்கறிஞர் ஒருவரின் மகனாக இவர் பிறந்தார். ஐந்து வயதிலே தாயை இழந்தார். சட்டம் பயின்று பட்டம் பெற்றாராயினும் இவர் உள்ளம் விஞ்ஞானத்தையே நாடிற்று. 1768இல் அரசனுக்காக வரி திரட்டும் குழுவிற் பங்காளரானார். அவ்வருவாயே இவரது ஆய்வுகூடத்தை வளர்த்தது. பின்னர் அதுவே இவருக்குக் கூற்றாகவும் வந்தது.

நீரைப் பலகாற் காய்ச்சினால் அது மண்ணாகும் என அக்காலத்தார் நம்பினர். இலவோசியர் மூடிய கண்ணாடிக் கலமொன்றில் 101 நாள் நீரைக் காய்ச்சி நிறுத்துப் பார்த்தார். நீரின் நிறை குறையவில்லை; கலமே நிறை குறைந்திருந்தது. அடியிற் படிந்த மண் கண்ணாடியிலிருந்து கரைந்து வந்ததே என்பது தெளிவாயிற்று.

அடுத்துக் காற்றை ஆராய்ந்தார். 50 கன அங்குலக் காற்றோடு இரசத்தைப் பன்னிரண்டு நாள் சூடாக்கினார். காற்றில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு மறைந்து, இரசத்தின்மேற் செந்நிறப் பொடி படிந்தது. எஞ்சிய காற்றில் விளக்கு அணைந்தது. பொடியை மேலும் சூடாக்க, மறைந்த வாயு மீண்டது. அதில் விளக்குச் சுடர்விட்டெரிந்தது. அவ்வாயுவுக்கு ஒட்சிசன் எனப் பெயரிட்டார். அதனைத் தமக்கு முன்னரே கண்டு, 1774இற் பாரிசுக்கு வந்து கூறிய பிரீஸ்ட்லிக்கு உரிய புகழை இவர் முழுதும் அளித்திலர் என்பதும் வரலாறே.

1783இல் ஐதரசனை ஒட்சிசனில் எரித்து நீரை ஆக்கினார். 1785இற் செஞ்சூடான இரும்புக் குழாயினூடே நீராவியைச் செலுத்தி நீரைப் பிரித்துங் காட்டினார். காற்றிலே வாயுக்கள் தத்தம் இயல்பு கெடாது கலந்துள்ளன. ஆதலின் அது கலவை. நீரிலோ இரு மூலகங்கள் தம் இயல்பிழந்து புதுப்பொருளாயின; ஆதலின் அது சேர்வை.

1789இல் வெளிவந்த தமது இரசாயன நூலில், எம்முறையாலும் மேலும் பிரிக்க முடியாத பொருளே மூலகம் என வரையறுத்து, 33 பொருள்களை வரிசைப்படுத்தினார். ஒளியும் வெப்பமும் அவற்றுட் சேர்ந்தமை பிழையே. ஆயினும் சுண்ணாம்பு முதலியன பின்னொருநாள் பிரிபடக்கூடும் என இவர் ஐயுற்றார். 1808இல் டேவி சுண்ணாம்பிலிருந்து கல்சியத்தைப் பிரித்தெடுத்தார்.

மனைவி மரி ஆன் ஆங்கில நூல்களை மொழிபெயர்த்தும், கருவிகளின் படங்களை வரைந்தும் உறுதுணையாயிருந்தார். பிரெஞ்சுப் புரட்சியின்போது வரிக்குழுவினர் கைதாயினர். 1794ஆம் ஆண்டு மே 8ஆந் திகதி, மாமனாரும் ஏனைய பங்காளருமாகிய 27 பேருடன் இலவோசியர் சிரச்சேதம் செய்யப்பட்டார். இவர் குற்றமற்றவர் என்பதை அரசு பின்னர் ஒப்புக்கொண்டது. போன உயிர் மீளவில்லை.

இளைஞர்களே, பிறர் சொன்னதென்று எதனையும் ஏற்காது, நிறுத்துப் பார்த்து உண்மை தெளிந்தவர் இவர். இன்று பள்ளிச் சிறுவனும் மூலகம், சேர்வை, கலவை எனப் பொருள்களை வகுக்கும்போது, இலவோசியர் இட்ட பாதையிலேயே நடக்கின்றான்.